கண்ணாடி இழைக்கு வைத்த பொட்டு

வண்டியூர்ப் பக்கம் எங்கள் குடியிருப்புக்கு இன்டர்நெட் கொடுக்க எந்தக் கம்பெனியும் முன்வரவில்லை. சரி, நாமே இழுப்போம் என்று குடியிருப்போர் சங்கத்தில் வீட்டுக்கு வீடு பங்கு போட்டு, மெயின் ரோட்டிலிருந்து கண்ணாடி இழைக் கேபிளை இழுத்தோம். ‘இழுத்தோம்’ என்றால், கம்பத்தில் ஏறியவர்கள் வேறு ஆட்கள். கீழே நின்று “லெஃப்ட்ல, லெஃப்ட்ல” என்று கத்தியவன் நான். சங்கச் செயலாளர் என்றால் சும்மாவா? போதாததற்கு மிஷன் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். இழைக்குள் ஒளி எப்படிப் பட்டுப் பட்டுத் திரும்பி ஓடுகிறது என்று கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் விளக்கினேன். என்னைக் கண்டதும் சந்துக்குள் ஒதுங்கியவர்கள் உண்டு.

அந்தக் கேபிளுக்காக என்னைவிட அதிகம் காத்திருந்தவள் எதிர்வீட்டுப் பெண். என்னை அண்ணன் என்பாள். புருஷன் மஸ்கட்டில். மகளுக்கு ஒரு வயதாகியும் அவர் நேரில் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் வாங்கிக் கேமராவும் மாட்டி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே நெட் சென்டரில் உட்கார்ந்து கூப்பிடுவதாக ஏற்பாடு.

அன்றைக்கு ஆயுத பூஜை. சைக்கிள், மிக்ஸி, அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டுச் சங்க அறைக்குப் போனேன். கேபிள் வந்து சேரும் பெட்டிக்கு மட்டும் வைத்திருந்தால் தப்பித்திருப்பேன். ஒளி வருகிற வாய் இருக்க, வெறும் தகரத்துக்கு வைத்து என்ன புண்ணியம் என்று தோன்றிவிட்டது. கேபிளைக் கழற்றி, அதன் நுனியில் பக்தியோடு சந்தனம் வைத்து, மேலே குங்குமமும் தொட்டு, திரும்பச் செருகிச் சூடம் காட்டினேன்.

தெரு முழுக்க நெட் போய்விட்டது.

“அண்ணே, அவுக அங்க உக்காந்திருக்காக. இங்க ஒண்ணுமே வரலையே” என்று குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். “நாளைக்கு அவுகளைப் பாலைவனத்துல ஏதோ கேம்ப்புக்கு அனுப்புறாக. அங்க நெட்டெல்லாம் கிடையாதாம்.”

“மெயின் லைன்ல கோளாறும்மா” என்றேன், கொஞ்சமும் கூசாமல். கேபிள் இழுத்தவருக்குப் போன் போட்டேன். அவர் எடுக்கவில்லை, அவருக்கும் பூஜைதானே.

அதற்குள் அங்கே வந்த என் மனைவி மூக்கை உறிஞ்சிச் சந்தன வாசம் பிடித்தாள். “என்னங்க, இங்கயும் பொட்டு வச்சீகளா?”

“நுனியில கொஞ்சூண்டு.”

“வெளிச்சம் போற வழியில சந்தனத்தை அப்பிட்டு, கோளாறு மெயின் லைன்லயா? இதைத்தான் வருசம் பூரா பிள்ளைகளுக்கு நடத்துறீகளா?”

வீட்டுக்கு ஓடிப்போய் ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்து வந்து துடைத்தேன். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. எல்லோரும் அவள் வீட்டுக்கு ஓடினோம்.

திரையில் கட்டம் கட்டமாக அவர் முகம் தெளிந்தது. எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் குழந்தையைத் திரைக்கு நேரே தூக்கிப் பிடித்து, “அப்பா எங்க? பாப்பா, அப்பா எங்க?” என்றாள்.

கேட்ட கேள்விக்குக் குழந்தை சரியாகத்தான் பதில் சொன்னது. திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சுவரில் மாட்டியிருந்த கல்யாண போட்டோவை நோக்கிக் கையை நீட்டியது. தினமும் அப்பா என்று அங்கேதான் காட்டிப் பழக்கியிருந்தார்கள். முகத்தைத் திருப்பத் திருப்ப, அது போட்டோவையே காட்டியது.

“விடு, திருப்பாத. அழுதுரப் போகுது” என்றார் அவர். அந்தப் பின்னந்தலையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முடி சுருட்டையா? நீ அனுப்புன போட்டோல தெரியலையே.”