புதுக் காருக்கு வந்த பழைய பிள்ளையார்

நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவன். "மேல் வரி தெரிகிறதா, கீழ் வரி தெரிகிறதா" என்று நாள் முழுக்க ஊராரைக் கேட்கிறவன். அப்படிப்பட்ட நான் ஒரு காரை அதன் நிறத்தை மட்டும் பார்த்து வாங்கினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என் மனைவி சொல்லி நீங்கள் அறிய வேண்டாம். அவள் இதைவிட விரிவாகச் சொல்லுவாள்.

பச்சை நிறம், நீண்ட மூக்கு, கூரை இல்லை, இரண்டே இருக்கை. பழைய பந்தயக் கார் போன்ற தோற்றம். உண்மையில் அது ஒரு கிட் கார். உடம்பும் அடிச்சட்டமும் பெட்டிகளில் வரும். ஏதாவதொரு சாதாரணக் குடும்பக் காரின் எஞ்சினையும் சில்லுகளையும் கழற்றி அதில் பூட்டிக்கொள்ள வேண்டும். இதை யாரோ தன் வீட்டுக் கராஜில் வைத்துப் பூட்டியிருக்கிறார். யாரென்று விற்றவருக்கே தெரியவில்லை.

"லண்டன் மழைக்குள்ள கூரையில்லாத கார் ஏனப்பா?" என்று மனைவி கேட்டாள்.

"காத்து வாங்க."

"ஜன்னலைத் திறவுங்கோ."

விம்பிள்டன் கோயிலில் காருக்குப் பூசை செய்தோம். ஐயர் நான்கு சில்லுக்குக் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தார். நான் பெருமிதமாகச் சாவியைத் திருப்பினேன். கார் ஒருமுறை இருமியது. பிறகு மூச்சே இல்லை. வேட்டி கட்டிய ஆறு பேர் பின்னாலிருந்து தள்ளித்தான் பழங்கள் நசிந்தன. அன்றைக்கு முன்பலகையில் கட்டைவிரல் உயரத்தில் ஒரு பித்தளைப் பிள்ளையாரை ஒட்டினேன். அடுத்த இரண்டு வருடமும் நோர்பரியில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் அந்தக் காரில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சாள் சாப்பிட வந்தாள். மனைவியின் தங்கை. ஜேர்மனியில் வளர்ந்து, அங்கேயே மெக்கானிக் வேலை படித்து, இங்கே வந்து பஸ் டிப்போவில் ஷிப்ட் வேலை பார்க்கிறவள். சாப்பிட்ட கையைக் கழுவியவுடன் போய்க் காருக்கு அடியில் படுத்துக்கொண்டாள். நான் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து மேலிருந்து விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் என் காலடியில், தரையைத் துளைத்துக்கொண்டு அவளுடைய சுட்டுவிரல் மேலே வந்தது. துரு அவ்வளவு.

"அத்தான், கார் செத்துப் போச்சு."

"ஐயோ!"

"சாமான் சாகேல்லை. எஞ்சின் நல்லம், கியர்பெட்டி நல்லம், பின் அச்சும் நல்லம். எனக்குத் தாறியளோ? வேறை கார் ஒண்டு கட்டப்போறன்."

ஏன் கேட்கிறாள் என்பதை மனைவி தோண்டித் துருவித்தான் தெரிந்துகொண்டோம். குரோய்டனில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் வேலைத்தளத்தில் பாதி இடம் காலியாகப் போகிறது. சொந்தமாகக் கார் கட்டும் தொழில் தொடங்க இவளுக்கு ஆசை. "நீ கட்டிய கார் ஒன்று அரசாங்கப் பரிசோதனையில் தேறினால், ஏப்ரல் முடிவதற்குள் அந்தத் தாளைக் கொண்டுவா, இடம் உனக்கு. இல்லாவிட்டால் பெயின்ற் அடிக்கிற ஒருத்தர் கேட்கிறார், அவருக்குக் கொடுத்துவிடுவேன்" என்று கிழவர் சொல்லியிருக்கிறார். அதுவரை ஒரு மூலையில் இரும்பை வெல்டிங் செய்து ஒட்டிக்கொள்ள விட்டிருக்கிறார்.

அவள் அந்தக் காரைக் கழற்றிய விதத்தை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன். நானாயிருந்தால் சுத்தியலோடு தொடங்கியிருப்பேன். அவள் முதலில் ஒரு மணி நேரம் காரைச் சுற்றி நடந்தாள். பிறகு கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் அது இருந்த ஒழுங்கிலேயே என் மனைவியின் இட்லித் தட்டுக் குழிகளில் வைத்து, தட்டுக்குத் தட்டு சோக்கட்டியால் எழுதினாள்: முன் இடது, முன் வலது, பின். துருப்பிடித்த ஆணியைக்கூட எறியவில்லை. புது ஆணி எந்த நீளம் வேண்டும் என்று அதுதான் சொல்லுமாம். பதினைந்து வருடமாக அசையாத ஒரு நட்டுக்கு எண்ணெய் விட்டுவிட்டு மூன்று நாள் அதைத் தொடவே இல்லை. நாலாம் நாள் இரண்டு விரலால் திருப்பினாள். இறுகிப்போன மழைத்துடைப்பான் மோட்டாரைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கழுவிப் பூட்டினாள். அது இப்போது என் வீட்டுக் குளிர்பெட்டியைவிட மெதுவாக முனகுகிறது.

"எடி, நாங்கள் இட்லி தின்னுறதில்லையோ?" என்று மனைவி ஒருநாள் வந்து பார்த்தாள்.

"ரெண்டு மாசம் பொறு அக்கா. தோசை சுடு."

எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை டோர்ச் லைட் பிடிப்பது. "எனக்கு அடிக்காதேங்கோ, ஆணிக்கு அடியுங்கோ" என்று அவள் எத்தனை முறை சொன்னாள் என்று தெரியாது. ஒரு சின்ன வளைய ஸ்பிரிங்கைக் கழற்ற நான் முன்வந்தேன். அது பறந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்காரரின் ரோசாச் செடிக்குள் விழுந்தது. அன்று பின்னேரம் முழுக்க நான் அங்கேதான் மண்டியிட்டிருந்தேன்.

குரோய்டன் மூலையில் இரும்புக் குழாய்களை வெட்டி ஒட்டிப் புதுச் சட்டம் செய்தாள். எஞ்சின், கியர்பெட்டி, பின் அச்சு, ஸ்டியரிங், முன்விளக்கு என்று பழைய காரிலிருந்து ஒவ்வொன்றாக அதில் ஏறின. உடம்பு மெல்லிய அலுமினியத் தகடு. கடைசி ஒரு வாரம் ஓர் அரத்தோடு உள்ளே உட்கார்ந்திருந்தாள். கை, தலை படக்கூடிய இடத்தில் ஒரு கூரான விளிம்பும் இருக்கக்கூடாதாம். அதைச் சோதிக்கப் பரிசோதகர் தலையளவுக் குண்டு ஒன்றை உருட்டி உருட்டிப் பார்ப்பாராம். ஆணித் தலைகளுக்கெல்லாம் றபர் தொப்பி போட்டாள். இதையெல்லாம் எனக்கு ஒரு மாலை முழுக்க விளங்கப்படுத்தினாள். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல பழக்கம்.

பரிசோதனைக்குப் போகும் காலையில், வேண்டாத சாமான் பெட்டிக்குள் பிள்ளையாரைக் கண்டேன். மழைத்துடைப்பான் மோட்டாருக்குக்கூடப் புது வாழ்வு கிடைத்திருக்கிறது, இவருக்கு இல்லையா? மனது கேட்கவில்லை. மச்சாள் தேநீர் குடிக்க உள்ளே போன நேரத்தில், என் இருக்கைக்கு முன்னால் இருந்த பலகையில் அவரை ஒட்டினேன். இரும்பையே பிடிக்கும் என்று போட்டிருந்த பசை. அவளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று மேலே என் தொப்பியை வைத்துப் பிடித்துக்கொண்டே போனேன். காற்றுக்குப் பிடிக்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பரிசோதகர் மூன்று மணி நேரம் பார்த்தார். பிரேக், விளக்கு, புகை, சத்தம் எல்லாம் சரி. பிறகு குண்டோடு உள்ளே ஏறினார். நான் மந்திரவாதி மாதிரித் தொப்பியை எடுத்தேன்.

"இவர் யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"கடவுள். தடைகளை நீக்குகிறவர்" என்றேன்.

அவர் குண்டை மெதுவாக உருட்டினார். கிரீடத்தில் ஒருமுறை, தும்பிக்கை நுனியில் ஒருமுறை, மழுவில் இரண்டுமுறை தடுக்கியது. "இவருடைய கோடரி கூராக இருக்கிறது" என்று சொல்லித் தாளில் எழுதப் பேனாவைத் திறந்தார்.

இன்னொரு நாள் கேட்டால் மே மாதம்தான் கிடைக்கும்; கிழவர் சொன்ன ஏப்ரல் போய்விடும். மச்சாள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். பிள்ளையாரைப் பிடித்துத் திருகினாள்; பசைப் பெட்டியில் போட்டிருந்தது பொய்யில்லை, அவர் அசையவில்லை. பரிசோதகர் மணிக்கூட்டைப் பார்த்தார். தேநீர் குடிக்கப் போவதாகவும், அரை மணியில் வந்து மறுபடி பார்ப்பதாகவும் சொன்னார். நல்ல மனிதர்.

அவள் பையிலிருந்து சின்ன அரத்தை எடுத்தாள்.

"ஐயோ, சாமியை அராவப் போறியோ?"

"நீங்கள் ஒட்டினியள். நான் அராவுறன். லைட்டைப் பிடியுங்கோ."

பிடித்தேன். முதல் தடவையாகச் சரியான இடத்தில் பிடித்தேன். கிரீடத்தின் நுனியை உருண்டையாக்கினாள், மழுவை மழுக்கினாள். தும்பிக்கை நுனிக்கு வந்தபோது அரத்தை வைத்துவிட்டு மெல்லிய மணல்தாளை எடுத்து, குழந்தைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரித் துடைத்தாள். ஒவ்வொன்றையும் தன் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். இருபத்தைந்து நிமிடம். பித்தளைத் தூளை ஊதிவிட்டபோது, கூழாங்கல் மாதிரி வழவழப்பாக, முன்பைவிட அழகாக உட்கார்ந்திருந்தார்.

பரிசோதகர் குண்டை உருட்டினார். எங்கும் தடுக்கவில்லை. பேனாவை மூடினார்.

தாளை வாங்கிய கையோடு மச்சாள் கிழவருக்குப் போன் எடுத்தாள். "தேறிவிட்டது" என்று ஒரே சொல். திரும்பும் வழியில் தாளை நான் மடியில் வைத்து, காற்று அடித்துப் போகாமல் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தேன். அந்த எஞ்சின் என் காரில் ஒருநாளும் இப்படிப் பாடியதில்லை.

"இனி உன்ரை வேலைத்தளம். அடுத்த காருக்கு நான் என்ன செய்யட்டும் பிள்ளை?" என்று கேட்டேன்.

"வீட்டிலை இருங்கோ, அத்தான்."