ஜெனிற்றா மிஸ்ஸின் கைகள்

லிப்ட் திருத்துகிறவன் லிப்டுக்குள் மாட்டிக்கொண்டால் ஊர் சும்மா விடுமா? வெள்ளவத்தையில் நானே திருத்தி, நானே ஏறிய லிப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. கூட நின்ற அக்கா மீன் பையைக் கை மாற்றிக்கொண்டு, "தம்பி, லிப்ட் கம்பனியில ஆரையும் தெரியுமோ?" என்றார். சட்டையிலிருந்த கம்பனிப் பெயரைக் கையால் மறைத்தேன். அந்நேரம் என்னோடு வேலை செய்யும் ரவியிடமிருந்து போன் வந்தது. "சிரிக்காம வந்து திறடா" என்றேன். அவன் சிரிக்கவில்லை. "அண்ணே, ஜெனிற்றா மிஸ் போயிட்டா."

அவருக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கும் உங்களுக்கெல்லாம் அவரை லிப்ட் திருத்தும் எங்கள் பிரிவின் தலைவியாகத்தான் தெரியும். பொறுப்பேற்ற புதிதில் எங்கள் கையிலிருந்து ஸ்பானரைப் பறித்து எல்லாவற்றையும் தானே செய்த எஞ்சினியரை எனக்குத் தெரியும். என்னைவிட வயதில் இளையவர். நாங்கள் டோர்ச் பிடித்து நிற்போம். ஒருநாள், "மிஸ், டோர்ச்சை ஆணியில கொழுவிப்போட்டு நாங்க வீட்ட போகட்டா?" என்று கேட்டுவிட்டேன். மறுநாளிலிருந்து அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பெருமை காட்டுகிறார் என்று நினைத்தோம். "பெருமை இல்ல அண்ணே, கையைச் சும்மா வச்சிருக்கப் பழகிறன். எஞ்சினியரிங் இதைவிட லேசு" என்றார்.

ஒரு கல்யாண வீட்டில், பிரேக் சரியில்லையென்று லிப்டை நிறுத்திவிட்டேன். வீட்டுக்காரர் என்மேல் பாய்ந்தார். மிஸ் வந்து குறுக்கே நின்றார். "அண்ணன் ஓடாது எண்டா லிப்ட் ஓடாது. ஏசுறதெண்டா என்னை ஏசுங்கோ." மாப்பிள்ளையின் தாயைக் கதிரையில் இருத்தித் தூக்கிப் படியேற்றியபோது கதிரைக் கால் ஒன்றைத் தானும் பிடித்தார். மேலே போய் மூச்சு வாங்கியபடி என் காதுக்குள் கேட்டார்: "உண்மையாவே ஓடாதுதானே அண்ணே?"

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, "இனிப் பிரிவை நீங்க பொறுப்பெடுங்கோ. மேலிடத்தில கதைச்சிட்டன்" என்றார்.

"ஓ.எல். சோதனையில கணக்கு பெயில் மிஸ். கேட்டா என்ட மகளே சிரிப்பாள்."

"பகிடி முடிஞ்சா பதிலைச் சொல்லுங்கோ."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை, பயம்தான்.

ஊருக்கெல்லாம் லிப்டை ஓட வைத்தவரின் வீடு கொட்டாஞ்சேனையில், லிப்ட் இல்லாத பழைய தொடர்மாடியின் நான்காம் மாடியில். சவப்பெட்டியை எங்கள் பிரிவுப் பெடியன்கள்தான் இறக்கினார்கள். ஒடுங்கிய படிக்கட்டு; திரும்பும் இடத்தில் பெட்டி இடித்தது. ஆளுக்கொரு பக்கம் இழுக்க, ரவி என்னைப் பார்த்தான். "அண்ணே, எப்பிடித் திருப்பிறது?"

ஓடிப்போய்ப் பிடிக்கத்தான் கை துடித்தது. நானும் பிடித்தால் வழிசொல்ல ஆளில்லை. கைகளைப் பின்னால் கட்டினேன்; ஒன்றை மற்றது இறுகப் பற்றிக்கொண்டது.

"தலைமாட்டை உயர்த்து... மெதுவா... ரவி, நீ ஒரு படி இறங்கு... இப்ப திருப்பு."

கீழே வரும்வரை அப்படியே சொல்லிக்கொண்டு வந்தேன். எல்லோருக்கும் கேட்டது அவ்வளவுதான். "ஓம் மிஸ், பிரிவை நான் பொறுப்பெடுக்கிறன்" என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.