டீசல் முள்ளும் சைகோன் மதாமும்

என் வீட்டுக்காரர் அந்த லாரியை வாங்கியபோது வெள்ளைக்காரர்கள் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கப்பலேறும் அவசரத்தில் ஒரு காண்ட்ராக்டர் விற்றுவிட்டுப் போன டீசல் வண்டி. பாகூர்ப் பக்கம் வெட்டுகிற கரும்பை ஏற்றிக்கொண்டு, சோரியாங்குப்பம் வழியாக ஆற்றைத் தாண்டி, அக்கரையிலுள்ள ஆலைக்குக் கொண்டுபோவார். முன்பு எல்லையில் நின்று வண்டிகளைக் குடைந்த சுங்கக்காரர்கள் இப்போது இல்லை. தடையில்லாமல் போய்வந்தார்.

இரண்டாவது கரும்புப் பருவத்தில் தொல்லை தொடங்கியது. ஸ்டியரிங்குக்கு நேர் எதிரே ஒரு வட்ட மீட்டர் உண்டு. பாரத்தோடு ஆற்றங்கரை மேடு ஏறும்போது அதன் முள் சரசரவென்று கீழே விழுந்துவிடும். "முள்ளு விழுந்தா வண்டி இழுக்க மாட்டேங்குது" என்று தலையில் கைவைத்துக்கொண்டு வருவார். மீட்டரில் எழுதியிருந்தது பிரெஞ்சு. வில்லியனூர் மெக்கானிக் அதை ஆயில் மீட்டர் என்று முடிவுகட்டி ஆயிலை மாற்றினார். முள் விழுந்தது. பிறகு ஃபில்டரைக் கழுவினார். அப்போதும் விழுந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவள் வந்தாள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் அவள் புருஷனுக்குப் பூர்வீக வீடும் நிலமும் இருந்தன. அவன் சைகோனில் லாரிகள் வைத்துப் பிழைத்து, அங்கேயே இறந்துபோனான். அவனுக்குப் பிறகு சில காலம் அவளே அந்த வண்டிகளை ஓட்டவைத்துப் பார்த்துக்கொண்டாளாம். அந்த நாட்டில் போர் முற்றியதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பிவிட்டாள். கையில் கடிகாரம், காலில் தோல் செருப்பு. ஊர் அவளுக்குச் சைகோன் மதாம் என்று பெயர் வைத்தது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள்தான். ஆனால் அவள் நடந்துபோனால் நான்தான் மூத்தவள் போலத் தெரிந்தேன்.

தன் கரும்பை ஏற்றச் சொல்ல வந்தவள் லாரியின் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "இது ஆயில் மீட்டர் இல்ல. பம்ப்லேந்து டீசல் இன்னா அழுத்தத்துல வருதுன்னு காட்டறது" என்றாள். என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். கல்யாணத்தன்றுகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து அவர் பேச்செல்லாம் மதாம்தான். மதாம் சொல்றாங்க, மதாமுக்குத் தெரியும். சோற்றில் உப்புக் குறைந்ததுகூடத் தெரியாமல் தின்றார். வேண்டுமென்றே குறைத்துப் போட்டுப் பார்த்தேன். அவளோ அவரைத் தம்பி என்று கூப்பிட்டிருக்கலாம். "மிசியே" என்று, வெள்ளைக்காரத் துரையைக் கூப்பிடுவதுபோல், சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள். அந்தச் சொல் என் வயிற்றில் மிளகாய் அரைத்தது.

ஒருநாள் சாயங்காலம், "நாளைக்கி மதாமும் வண்டில வராங்க. மேடு ஏறும்போது சத்தத்த கேட்டாத்தான் கோளாறு புரியுமாம்" என்றார்.

"நானும் வரேன்" என்றேன்.

"நீ எதுக்குடி?"

"அக்கரையில எங்க சித்தி வூடு இருக்குது. பாத்து நாளாச்சு."

சித்தியைப் பார்க்கும் ஆசை எனக்கு அன்றைக்குத்தான் வந்தது.

காலையில் அவள் ஏறுவதற்கு முன்னால் நான் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவள் ஓரத்தில். கியர் கம்பி என் முழங்காலை இடித்துக்கொண்டே வந்தது. நான் நகரவில்லை. அவர்கள் இருவரும் என் தலைக்கு மேலே பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அந்தப் பேச்சு புரியவில்லை. அதனால் நான் கீழேயே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் செருப்புக் கால் எங்கே இருக்கிறது, இவர் கால் எங்கே இருக்கிறது என்பதுதான் என் கவலை.

ஆற்றங்கரை மேடு வந்தது. முள் விழுந்தது. இஞ்சின் முனகியது. "பாத்தீங்களா, இழுக்கல" என்றார் அவர்.

நான் பார்த்தது வேறு. "முள்ளு எறங்கனதும் நீங்க காலத் தூக்கறீங்க" என்றேன்.

"இன்னாடி ஒளர்ற?"

"ஒளர்ல. மொதல்ல முள்ளு எறங்குச்சு. அப்பறம் உங்க காலு தூக்குச்சு. அதுக்கப்பறந்தான் வண்டி தொய்ஞ்சுது."

அவர் என்னை முறைத்தார். மதாம் முறைக்கவில்லை. குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவரிடம், "பின்னால எறக்கிட்டு மறுபடி ஏத்துங்க. முள்ளப் பாக்காதீங்க. கால எடுக்காதீங்க" என்றாள்.

அவர் வண்டியைப் பின்னுக்கு இறக்கி மறுபடி ஏற்றினார். முள் அடிக்கோட்டைத் தொட்டுக் கிடந்தது. வண்டியோ பாரத்தோடு உறுமிக்கொண்டு கரைமேல் ஏறி நின்றது. கோளாறு டீசலில் இல்லை, முள் பொய் சொல்கிறது என்று அப்போதுதான் மூன்று பேருக்கும் விளங்கியது. முள் விழுந்ததும் பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து அவர் கால் தளர்ந்ததைத்தான் இத்தனை நாளும் வண்டியின் நோய் என்று நினைத்திருந்தார்.

இறங்கி பானெட்டைத் திறந்தார்கள். ஃபில்டர் மேலிருந்த சின்னத் திருகை அவள் தளர்த்தச் சொன்னாள். பம்ப்பைக் கையால் அடித்தபோது ஒரு குமிழிகூட இல்லாமல் டீசல் பீறிட்டது. "பம்ப் நல்லாருக்கு. மீட்டருக்குப் போற கொழாயப் பாருங்க" என்றாள். ஃபில்டரிலிருந்து மீட்டர்வரை ஒரு மெல்லிய செப்புக்குழாய் போகிறது. அது தகரத்து ஓட்டை வழியாக உள்ளே நுழைகிற இடத்தில் உராய்ந்து உராய்ந்து பளபளவென்று இருந்தது. துணியால் துடைத்துவிட்டு இஞ்சினை முடுக்கினார்கள். பாரம் இழுப்பதுபோல் இஞ்சின் குலுங்கியதும் அங்கே ஈரம் கசிந்தது. குலுக்கல் நின்றதும் கசிவும் நின்றது. மயிரிழை விரிசல். அதன் வழியே டீசல் கசிந்தால் மீட்டருக்கு அழுத்தம் எப்படிப் போகும்?

இரண்டு தலைகளும் பானெட்டுக்கு அடியில் ஒன்றாகக் குனிந்திருந்தன. அவள் விரல் காட்டிய இடத்தை அவர் விரல் தொட்டது. நான் நடுவில் போய் நிற்க இடமில்லை. கரும்புக் கட்டிலிருந்து ஒரு தோகையை உருவி, கிழித்துக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

குழாயை ஃபில்டர் பக்கத்தில் வெட்டி, நுனியை மடக்கித் தட்டி அடைத்துவிட்டு ஆலைக்குப் போனோம். சித்தி வீட்டுக்குப் போகவில்லை. யாரும் அதைப்பற்றிக் கேட்கவுமில்லை. அந்த வாரமே வில்லியனூரில் பித்தளைப் பாத்திரம் பற்றவைப்பவரிடம் புதுக் குழாய் செய்து வாங்கிப் பொருத்தி, உராயும் இடத்தில் பழைய டியூப் ரப்பரைச் சுற்றினார். முள் நிமிர்ந்து நின்றது.

டீக்கடையில் அவர், "மதாம்தான் கண்டுபுடிச்சாங்க" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சாப்பிடாமல் போன கேழ்வரகுக் களியை எடுத்துக்கொண்டு போன நான் அதைக் கேட்டேன். கூலியாட்களைக் கூப்பிட வந்திருந்த மதாமும் கேட்டாள்.

"நான் இல்ல மிசியே" என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்கும்படி. "எனக்குக் கொழாய்தான் தெரியும். உங்க காலுதான் வண்டிய நிறுத்துதுன்னு சொன்னது உங்க சம்சாரம். அத எந்த மெக்கானிக்கும் சொல்லியிருக்க மாட்டான்."

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கூச்சத்தோடு என்னைப் பார்த்தார். வெகுநாளைக்குப் பிறகு கிடைத்த பார்வை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதையும் அவள்தானே எடுத்துக் கொடுத்தாள் என்று எரிந்தது. நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அது எனக்கே தெரிந்ததால் இன்னும் எரிந்தது.

அதன் பிறகு அவள் கரும்பை ஏற்றப் போகும்போதெல்லாம் அவர் தானாகவே, "நீயும் வரியா?" என்று கேட்பார். சில தடவை போனேன். பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று அறிவிப்பு வந்தபோது அவள் நிலத்தை விற்றுவிட்டுப் பிரான்சுக்குக் கிளம்பினாள். போகும்போது என் வீட்டுக்கு வந்து காபி குடித்தாள். நல்ல சர்க்கரை போட்டுத்தான் கொடுத்தேன். அவள் தெருமுனை திரும்பிய பிறகும் அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வாருங்கள் என்று இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.