அண்ணன் குடித்த ஒரே ஒரு மடக்கு

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவரிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள். ஆகவே, அவர் பொறுமையின் சிகரம் என்று தங்கை நான் எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள்.

அண்ணன் பினாங்கு ஜோர்ஜ்டவுனில், துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா மூட்டை தூக்கினார், சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்தார், அந்தச் சம்சுவே அவரைக் கொண்டுபோயிற்று. அப்பாவின் காரியம் முடிந்த அன்று, மது தன் நாவில் படாது என்று அண்ணன் அம்மாவின் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். படிப்பை விட்டார், எங்களைப் படிக்க வைத்தார். பிறை என்ற ஊரில் ஒரு குளிர்பானத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்து, பழச்சாறு கெடாமல் பார்த்துக்கொள்ளும் வேலையில் தேறினார்.

இறுதிச் சடங்கில் பேசிய அனைவரும், கடைசிவரை மதுவைத் தொடாதவர் என்று அவரைப் புகழ்ந்தார்கள். அது முழு உண்மையல்ல. அண்ணியின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

பினாங்குப் பாலம் கட்டிய காலத்தில், அங்கே மேற்பார்வையாளராக இருந்த பார்க் என்ற கொரியர் எங்கள் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தார். அவரைப் பார்க்க வந்த தாயார், ஊரிலிருந்து கொண்டுவந்த புளிப்பு மாக்கட்டியைச் சோற்றில் கலந்து, அவர்கள் நாட்டு அரிசி மதுவைச் செய்து கொடுத்தார். வெள்ளையாக, கலங்கலாக இருக்கும். நம் ஊர் வெயிலில் சீக்கிரமே புளித்துவிடும். ஊர் திரும்பிய தாயார் சில நாட்களிலேயே காலமானார். பார்க் அவர்களுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. தாயார் கையால் செய்த மதுவில் ஒரே ஒரு போத்தல் குளிர்ப்பெட்டியில் மிச்சமிருந்தது.

அடுத்த மாதம் தாயாரின் பிறந்தநாளில் அதையே அவருக்குப் படைக்க வேண்டும் என்பது பார்க்கின் ஆசை. குளிர்ப்பெட்டிக்குள்ளும் அது புளித்துக்கொண்டிருந்தது. "அபாங், போலே தோலோங்?" என்று உடைந்த மலாயில் உதவி கேட்டு அண்ணனிடம் வந்து நின்றார்.

"சூடு காட்டினா உள்ள இருக்கிற ஈஸ்ட் செத்துடும், புளிப்பு நின்னுடும். இது ஒரு பெரிய வேலையா லா?" என்றார் அண்ணன் எங்களிடம். பார்க் ஒன்றை மட்டும் எச்சரித்தார். ருசி பார்த்துப் பார்த்துச் சூடாக்க வேண்டும், சூடு கூடிவிட்டால் கஞ்சியாகிவிடும் என்றார்.

தொழிற்சாலையில் எதையும் ருசி பார்க்காமல் அண்ணன் விட்டதில்லை. இதை எப்படிப் பார்ப்பார்? சத்தியம் இருக்கிறதே! மூடியைத் தளர்த்தி, போத்தலை வெந்நீரில் நிறுத்தி, முகர்ந்து மட்டும் பார்த்தார். சூடு போதாமல் கெட்டுப்போய்விடுமோ என்ற பயத்தில் இன்னும் கொஞ்ச நேரம் விட்டார்.

அதன்பின் அது புளிக்கவே இல்லை. படையல் அன்று எங்களையும் அழைத்திருந்தார்கள். பார்க் தாயாரின் படத்துக்கு முன் கிண்ணத்தில் ஊற்றி வைத்து, விழுந்து வணங்கினார். பிறகு அவர்கள் முறைப்படி அதில் ஒரு வாய் குடித்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தா ரோசாக், அபாங். தாப்பி மாக் தா அடா." கெடவில்லை, ஆனால் அம்மா இல்லை என்றார்.

அண்ணன் கிண்ணத்தைக் கை நீட்டி வாங்கினார். நான் பதறிவிட்டேன். "எதைக் கெடுத்தேன்னு எனக்குத் தெரிய வேணாமா?" என்று கேட்டுவிட்டு ஒரு மடக்கு குடித்தார். "வெறும் கஞ்சிம்மா" என்று என்னிடம் சொல்லி அங்கேயே அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் மறைக்காமல் சொன்னார். "அந்தப் பிள்ளையோட அம்மாவுக்குப் படைச்சதுதானே? வாயக் கொப்பளிச்சிட்டு வந்து சாப்பிடு" என்றார் அம்மா.

சென்ற ஆண்டு அண்ணனுக்கு மூளையில் இரத்தம் கசிந்தது. டாக்டர்களைக் கெஞ்சினோம். இயந்திரம் பொருத்தினார்கள். மூச்சு ஓடியது, கை வெதுவெதுப்பாக இருந்தது. "அண்ணே, நான்தாண்ணே வந்திருக்கேன், ஒரு வார்த்தை திட்டுண்ணே" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். கெடவில்லை, ஆனால் அம்மா இல்லை என்று பார்க் அன்று சொன்னதன் பொருள் அந்தக் கட்டில் அருகேதான் எனக்கு விளங்கியது. கோபம் கோபமாக வந்தது, யார்மீது என்றுதான் தெரியவில்லை.

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி எங்களுக்குச் சோறு கொண்டுவந்த உறவினர்களுக்கும், முகம் சுளிக்காமல் அவரைத் துடைத்துவிட்ட தாதியருக்கும், கொரியாவிலிருந்து தொலைபேசியில் அழைத்து, பேச முடியாமல் அழுத திரு. பார்க் அவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. நீங்கள் எதிலும் குறை வைக்கவில்லை. எங்களால்தான் அண்ணனை வைத்துக்கொள்ள முடியவில்லை.