பலகைக் கம்பெனியின் காற்று

இங்கே எனக்குத் தாடி வைக்க அனுமதி இல்லை. காலையில் ஆலைக்குள் நுழையும்போது ஃபோர்மேன் வாசலில் நின்று ஒவ்வொருவர் தாடையையும் உற்றுப் பார்ப்பார். லேசாக முளைவிட்டிருந்தாலும் ஒரு ரேஸரைக் கையில் கொடுத்து பாத்ரூம் பக்கம் கையைக் காட்டிவிடுவார். பள்ளிக்கூடப் பையனுக்கு நகம் பார்ப்பதுபோல இருக்கிறதே என்று முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகுதான் விளங்கியது. நாங்கள் போடும் முகமூடியின் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்டி உட்கார வேண்டும். நடுவில் மயிர் இருந்தால் அந்தச் சந்தில் தூசி புகுந்துவிடும். மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து உருக்கி, வீட்டுக்குப் பின்னால் போடும் தரைப்பலகை செய்கிற ஆலை இது. கனடாவில் ஒரு சின்ன ஊர். கோவில்பட்டியிலும் நான் இதே வேலைதான் பார்த்தேன். அங்கே கதவுநிலையும் அலமாரிப் பலகையும் செய்தோம்.

சேர்ந்த அன்று ஒரு பெண் என் முகத்தில் முகமூடியை மாட்டி, அதற்கு மேல் தலை முழுவதையும் மூடும் உறை ஒன்றைக் கவிழ்த்து, அதற்குள் எதையோ பீய்ச்சினார். “டேஸ்ட் எனிதிங்?” என்றார். நாக்கு தித்தித்தது. “யெஸ் மேடம், ஸ்வீட். வெரி நைஸ்!” என்றேன். பாராட்டுவார் என்று பார்த்தால் உதட்டைப் பிதுக்கினார். தித்திப்பு தெரிந்தால் முகமூடி பொருந்தவில்லை என்று அர்த்தமாம். வேறு அளவுகளை மாற்றி மாற்றிப் போட்டு, எனக்கு ஒரு ருசியும் தெரியாமல் போன பிறகுதான் விட்டார்.

எட்டயபுரம் ரோட்டில் கரிசல் காட்டுக்கு நடுவே தகரக் கொட்டகை போட்டு நடந்த எங்கள் பலகைக் கம்பெனியில் தித்திப்புக்கு வேறு உபயோகம் இருந்தது. வேலை முடிந்து கிளம்பும்போது ஆளுக்கு ஒரு துண்டு வெல்லம் தருவார்கள். “தொண்டையில நிக்க தூசிய வெல்லம் இழுத்துக்கிட்டுப் போயிரும்” என்பார் முதலாளி. அதுதான் எங்களுக்குப் பாதுகாப்பு. என்னை அங்கே சேர்த்துவிட்டது என் அக்கா முத்துலட்சுமியின் வீட்டுக்காரர், செல்வராஜ் அத்தான். மழை ஏமாற்றி உளுந்தும் மிளகாயும் கருகிப்போன வருஷம் காட்டைத் தரிசாகப் போட்டுவிட்டு வேலைக்கு வந்தவர். மிக்சரில் அவர்தான் நின்றார். பிளாஸ்டிக் பொடி, மரத்தூள், பலகையை நுரைக்கவைக்கும் மஞ்சள் பொடி எல்லாவற்றையும் மூட்டை மூட்டையாக அவிழ்த்துக் கொட்டுவார். கொட்டும்போது எழும் புழுதியில் அவர் தலை மறைந்துபோகும். மெஷினில் சூடு கூடிவிட்டால் கண்ணைக் குத்தும் புளித்த நெடி ஒன்று கொட்டகையை நிறைக்கும். சுவரில் பெரிய ஃபேன் இருந்தது. போட மாட்டார்கள். பொடி வெளியே பறந்து வீணாகிறதாம்.

அதிகாரி சோதனைக்கு வருகிற அன்று மட்டும் ஃபேன் சுற்றும். ஆளுக்கொரு நல்ல முகமூடி கிடைக்கும். அவருடைய ஜீப் ரோட்டில் ஏறியதும் முகமூடிகளைத் திரும்ப வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அப்படி ஒரு நாள் அத்தான் தன்னுடையதைத் திருப்பித் தராமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். ஒன்று குறைந்தது தெரிந்ததும் முதலாளி எல்லோரையும் வாசலில் நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொன்னார். அத்தான் முறை வந்தது.

“ஏலே செல்வராசு, திருட்டுப் பயலா நீ?”

“திருடல மொதலாளி. மூச்சு முட்டுது. மிக்சர்ல நிக்கும்போது மட்டும் போட்டுக்கிடுதேன். இங்கனயே வச்சிட்டுப் போயிருதேன்.”

“உனக்குக் குடுத்தா எல்லாவனும் கேப்பான்.”

முகமூடியைப் பிடுங்கியதோடு விடவில்லை. அத்தானை அப்படியே மிக்சருக்குக் கூட்டிப்போய், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, மூட்டையை அவிழ்த்துக் கொட்டச் சொன்னார். அத்தான் வெற்று மார்போடு கொட்டினார். இருமல் வந்தது. “இன்னொண்ணு” என்றார் முதலாளி. அத்தான் உட்கார்ந்துவிடும்வரை “இன்னொண்ணு” என்றார்.

அதற்குப் பிறகு அத்தானுக்கு வீட்டு வாசற்படி ஏறுவதே மலையாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் காசநோய் என்று நினைத்து மாத்திரை கொடுத்தார்கள்; சளியில் ஒன்றும் இல்லை என்று பிறகு நிறுத்தினார்கள். முதலாளி ஊரெல்லாம் ‘பீடி குடிச்சுக் கெட்டான்’ என்று சொல்லி அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். அத்தான் வாழ்நாளில் பீடியைத் தொட்டவர் இல்லை. மெஷின் அனுபவம் இருக்கிறது என்று ஓர் ஏஜென்சி என்னைக் கனடாவுக்கு எடுத்தபோது அவர் ஸ்டேஷன்வரை வந்தார். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தவரால் ரயில் வந்தபோது எழ முடியவில்லை. கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

அவருடைய சாவை நான் போனில்தான் பார்த்தேன். யாரோ தூக்கிப் பிடித்திருந்த போனில், முதலாளி மாலையோடு வருவது தெரிந்தது. மாலையைப் போட்டுவிட்டு, அழுதுகொண்டிருந்த அக்காவிடம் குனிந்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று பிறகு அக்காவிடம் கேட்டேன்.

“காரியம் முடிஞ்சதும் வேலைக்கு வந்துரு, அவன் எடம் காலியாத்தான் கெடக்குன்னாவ.”

“போவாதக்கா. தீப்பெட்டி ஒட்டப் போனியே, அந்த ஆபீசுக்கே போ.”

“அங்க வேலை வாரத்துல பாதி நாள்தானலே. ரெண்டு பிள்ளைய வச்சிருக்கேன்.”

அக்கா போனாள். பலகைக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வேலை. நான் இங்கிருந்து ஒரு பெட்டி நிறைய முகமூடி வாங்கி அனுப்பினேன். கிடைத்ததா, போடுகிறாயா என்று கேட்டபோதுதான் சொன்னாள். எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று நல்ல மனதோடு கம்பெனிக்கு எடுத்துப் போயிருக்கிறாள். முதலாளி வாங்கிப் பார்த்து, “ஃபாரின் சரக்குல்லா, ஆபீசர் வந்தா காட்டதுக்கு ஆவும்” என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாராம்.

போன மாதம் எங்கள் ஆலையில் நுரையீரல் சோதனை நடந்தது. நர்ஸ் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். ஊதினேன். திரும்பவும் ஊதச் சொன்னார். திரை கோடு போட்டது. கோடு மேலே ஏறாமலே சரிந்தது. இதற்கு முன் எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்டார். அக்கறையாகக் கேட்கிறார் என்று நினைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வெல்லம்வரை சொன்னேன். அவர் கண் கலங்கியது. ஆனால் அதை அப்படியே எழுதியும் கொண்டார். மறு வாரம் அலுவலகத்தில் கூப்பிட்டு மரியாதையாக நாற்காலியில் உட்காரவைத்துச் சொன்னார்கள்: உன் நுரையீரலின் கேடு இந்தியாவில் நேர்ந்தது, எங்கள் காற்று சுத்தம், ஆகவே எங்கள் பொறுப்பு இல்லை, தூசி உள்ள இடத்தில் உன்னை இனி நிறுத்தவும் முடியாது. என் விசாவோ இந்த மெஷின் வேலைக்கு மட்டும்தான். வேலை போனால் ஊருக்குத்தான் போக வேண்டும்.

அங்கே இத்தனை வருஷம் தூசியில் நின்றவன் என்று ஒரு சான்று தந்தால் ஊரிலாவது நஷ்டஈடு கிடைக்குமா என்று முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் சிரித்தார். “இங்கன இருந்து போம்போது திடகாத்திரமாத்தானல போன? அந்த ஊர்க் குளிர்ல கெட்டதுக்கு நான் என்ன செய்ய முடியும்?”

இன்று காலை ஆலைக்கு வெளியே, பனி ஒதுக்கிய பாதையோரம் நின்று அக்காவை அழைத்தேன். அங்கே சாயங்காலம், கம்பெனி விட்டு பஸ்ஸுக்கு நின்றாள். விஷயத்தைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அதற்குள் அவள் கேட்டாள்.

“என்னலே, இப்பிடி மூச்சு வாங்குது?”

“மாடி ஏறுதேன்க்கா.”

“மெல்ல ஏறு.”

பிறகு போனில் ஓர் இழுப்புச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. என்னுடையதுதான் எதிரொலிக்கிறதோ என்று மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். சத்தம் நிற்கவில்லை.

“அக்கா, உனக்கு என்ன?”

“ஒண்ணுமில்லலே. பஸ்ஸப் பிடிக்க ஓடியாந்தேன்” என்றாள்.