தூசி படாத எஞ்சின்

படப்பை முனிரத்தினம் அளவுக்கு எஞ்சினைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவர் யாருமில்லை. கடைசியில் அதுவே வினையாகப் போயிற்று.

வயல்களில் தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சின்களில் கை பழகியவர். தூசி புகுந்து பாழான எஞ்சின்களைப் பார்த்துப் பார்த்து, தூசி என்றாலே அவருக்கு ஆகாது. ஒரகடம் பக்கம் வெட்டவெளியில் ஒரு விமானப் பயிற்சி நிலையம் வந்தபோது அங்கே மெக்கானிக் ஆனார். இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம். அதில் ஒரு குமிழ் உண்டு. இழுத்தால், பெட்ரோலோடு காற்றைக் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்பரேட்டருக்குச் சூடான காற்று போகும். ஆனால் அந்தக் காற்று தூசியை வடிகட்டும் ஃபில்டர் வழியாகப் போகாது. போதாதா அவருக்கு?

“அத்த மட்டும் தொடாதீங்க. மண்ணு உள்ள பூந்துரும்” என்று பறக்க வருகிறவர்களிடமெல்லாம் கறாராகச் சொல்லிவிடுவார். மண்டையைப் பிளக்கும் வெயிலில் எஞ்சினுக்கு இன்னும் சூடு எதற்கு என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். சம்பளம் வாங்கிய பயிற்சியாளர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

1991 ஐப்பசியில், மழை பிடிப்பதற்குள் திரும்பிவிடலாம் என்று முனிரத்தினத்தின் அக்கா கனகத்தின் மகன், அங்கே பறக்கக் கற்றுக்கொண்டிருந்த பகலவன், விமானத்தில் தனியாகக் கிளம்பினான். மணிமங்கலத்துக்கு மேலே மேகம் அவனைச் சூழ்ந்துகொண்டது. கீழே ரேடியோ அருகில் முனிரத்தினம்தான் இருந்தார்.

“மாமா, எஞ்சின் திணறுது. வேகம் கொறைஞ்சிகினே வருது. அந்தக் குமிழ இழுக்கட்டுமா?”

“வாணாம்டா. மழத்தண்ணி உள்ள பூந்தா நின்னே பூடும். அப்டியே கீழ எறக்கு.”

“சரி மாமா.”

ஏரிக்கரை ஓரம் சேற்று வயலில் விமானம் மூக்குக் குத்தி விழுந்தது. பகலவன் பிழைக்கவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி எஞ்சினைக் கழுவி ஓட்டிப் பார்த்தார். முதல் சுற்றிலேயே ஓடியது. மேகத்து ஈரக்காற்று கார்பரேட்டருக்குள் ஐஸாக உறைந்து மூச்சை அடைத்திருக்கும், வெயில் ஊரிலும் இது நடக்கும், சூடான காற்று விட்டிருந்தால் உருகியிருக்கும் என்றார். இப்போது ஐஸும் இல்லை, அடையாளமும் இல்லை.

“பையனுக்குத் தெரியல போல. உங்க மேல தப்பு இல்ல. இவ்ளோ சுத்தமான எஞ்சினை நான் பார்த்ததில்ல.”

“அவனுக்குத் தோணிச்சு சார். கேட்டான். நாந்தான் வாணாம்னேன்.”

அன்றே அக்கா வீட்டு வாசலில் நின்று அதையே சொன்னார். உள்ளே வா என்று கனகம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.