ஏழரைச் சனிக்கு ஃபார்மில் இடமில்லை

பிள்ளைகளே, அப்பா ஹூஸ்டன் பக்கம் துப்பாக்கிக் கடையில் கவுன்ட்டர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளி டேல் ஒரு ஃபார்மைக் காட்டிச் சொன்னார்: "துப்பாக்கி யாருக்கோ, அவங்கதான் இதை எழுதணும். பழைய குத்தம் ஏதாவது இருக்கான்னு கவர்மென்ட்ல அவங்களைத்தான் செக் பண்ணுவாங்க. பொய் எழுதினா வாங்கினவனுக்கு ஜெயில். தெரிஞ்சே வித்தா உனக்கும் ஜெயில். என் லைசென்ஸும் போயிடும்." இன்ஸ்பெக்டர்கள் வந்தால் பழைய ஃபார்ம்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவார்களாம்.

இரண்டாவது வாரம் சுப்பையா அண்ணன் வந்தார், மனைவி மங்கை அக்காவோடு. நான் அமெரிக்கா வந்து இறங்கியபோது ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிவந்து, ஒரு மாதம் சோறு போட்டவர்கள். பக்கத்து வீட்டில் திருட்டுப் போனதால் துப்பாக்கி வேண்டுமாம். அண்ணனே பார்த்து, தூக்கிப் பிடித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். ஃபார்மை நீட்டினேன். அவர் அதை அக்கா பக்கம் தள்ளினார்.

"இவ பேர்ல போடு குமாரு."

"துப்பாக்கி உங்களுக்குத்தானே அண்ணே?"

"எனக்குத்தான். ஆனா ஏழரைச் சனி நடக்குது. ஆயுதத்தை என் பேர்ல வாங்கக் கூடாதுன்னு ஜோசியர் சொல்லிட்டாரு. வீடு இவ பேர்ல, கார் இவ பேர்ல. துப்பாக்கி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். ஒரு கேள்வியில் பேனா நின்றது.

"தம்பி, நிஜமா வாங்குறது நீங்கதானான்னு கேக்குது. என்ன போட?"

"எஸ் போடுடி!" என்றார் அண்ணன்.

"நான் அதைத் தொடவே மாட்டேனே. கரப்பான்பூச்சியை அடிக்கவே பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கூப்பிடுறவ நான்."

டேல் நாலடி தள்ளி நின்று புன்னகைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசிய தமிழ் அவருக்கு ஒரு வார்த்தையும் புரியாது. நான் வாயை மூடிக்கொண்டால் என் முதல் விற்பனை முடிந்துவிடும். செக் அக்காவுக்கு நடக்கும், துப்பாக்கி அண்ணனுக்குப் போகும். செக் பண்ணாமலே விற்ற மாதிரிதான். அடுத்த மாதம் எனக்கு சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ வேறு. உங்கள் அம்மா அதற்காக ஒரு சட்டையே வாங்கி வைத்திருந்தாள்.

ஃபார்மை மெதுவாக என் பக்கம் இழுத்தேன்.

"அண்ணே, உங்க பேர்ல எழுதுங்க. நீங்க என்ன குத்தவாளியா? செக்ல சனியைப் பத்தி ஒரு கேள்வியும் இல்ல."

"ஏர்போர்ட்ல உன்னை விட்டுட்டு வந்திருக்கணும்டா!"

"விட்டிருந்தா டாக்ஸி புடிச்சிருப்பேன். இதுல மாட்டினா மூணு பேரும் போற வண்டி வேற அண்ணே."

அக்கா பேனாவை மூடிவிட்டார். "வாங்க, வீட்டுக்குப் போலாம். கதவுக்கு நல்ல பூட்டா ஒண்ணு போடுவோம்."

டேலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "இந்தச் சனி எப்போ முடியும்?"

"இன்னும் நாலு வருஷம்."

"அப்போ வரச் சொல்லு."

அடுத்த ஞாயிறு கோயில் சாப்பாட்டில் அண்ணன்தான் சாம்பார் ஊற்றினார். எனக்கு மட்டும் ஒரு முருங்கைக்காய்கூட விழவில்லை, வெறும் தண்ணீர். குடித்தேன். நமக்கு நல்லது செய்தவர்களிடம்தான் "முடியாது" என்று சொல்வது கஷ்டம், பிள்ளைகளே. ஆனால் காயில்லாத சாம்பார் சாயங்காலத்துக்குள் ஜீரணமாகிவிடும். பொய் எழுதிய ஃபார்ம் அலமாரியில் அப்படியே இருக்கும்.